தேதி, ஆண்டு, காலாண்டு: கடலூர் – சிதம்பரம் ஆவணங்களும் தரவுத்தள வினவலும்

தேதியை ஆண்டாகவும் காலாண்டாகவும் மாற்றுதல் என்பது, ஒரு நாள் எந்த ஆண்டைச் சேர்ந்தது, அந்த ஆண்டை நான்காகப் பிரித்தால் எந்தப் பகுதியில் வருகிறது என்று கண்டறியும் கணக்கு ஆகும். இன்று தரவுத்தளத்தில் ஒரே வரியில் ஒரு வினவல் எழுதினால் இலட்சக்கணக்கான தேதிகளுக்கு நொடியில் விடை வந்துவிடுகிறது. ஆனால் இந்தக் கணக்கு கணினியோடு பிறந்ததல்ல. சிதம்பரம் நடராசர் கோயில் கல்வெட்டுகளின் காலத்தைக் கணித்த அறிஞர்களும், கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையில் கணக்கு எழுதியவர்களும், தென்னார்க்காடு மாவட்டத்துக் கிராமக் கர்ணங்களும் இதே கணக்கைத்தான் கையால் போட்டார்கள்.

அவர்கள் எல்லோரும் எதிர்கொண்ட கேள்வி ஒன்றே: ஆண்டு எந்த நாளில் தொடங்குகிறது? இதற்கு விடை சொல்லாமல் எந்தத் தேதியையும் ஆண்டுக்குள் அடைக்க முடியாது. இன்றைய வினவல்களில் நேரும் பிழைகளில் பலவும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதால் வருபவை. கடலூர், சிதம்பரம் ஆகிய இரண்டு ஊர்களின் ஆவணங்கள் வழியாக இந்தக் கணக்கின் வரலாற்றையும், அதிலிருந்து இன்றைய மாணவர் அறிய வேண்டியதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

காலாண்டு என்னும் சொல்

ஆண்டின் நான்கில் ஒரு பங்கு, அதாவது மூன்று மாதங்கள், காலாண்டு எனப்படும். தமிழ்நாட்டில் பள்ளிக்குச் சென்ற எவருக்கும் இச்சொல் காலாண்டுத் தேர்வின் மூலம் பழக்கமானது. அத்தேர்வு செப்டம்பரில் நடக்கும். அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் நடக்கும். ஜனவரியிலிருந்து எண்ணினால் செப்டம்பர் மாதம் முக்கால் ஆண்டின் முடிவு. அப்படியிருந்தும் அதைக் காலாண்டு என்று யாரும் தயங்காமல் சொல்கிறோம். பள்ளியாண்டு ஜூனில் தொடங்குகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதே அதற்குக் காரணம்.

வகுப்பறையில் இதைச் சொல்லி விளக்கினால் மாணவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். ஆனால் கணினிக்கு அந்தப் பொது அறிவு கிடையாது. செப்டம்பர் எந்தக் காலாண்டு என்று கேட்டால் அது எப்போதும் மூன்றாம் காலாண்டு என்றே சொல்லும்.

காலாண்டுக் கணக்கு இங்கிலாந்திலும் பழமையானது. அங்கே வாடகையும் கூலியும் ஆண்டுக்கு நான்கு நாட்களில் தீர்க்கப்பட்டன. அவை மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25 ஆகியவை. இவற்றுள் முதலாவதான மார்ச் 25 நீண்ட காலம் ஆண்டின் முதல் நாளாகவும் இருந்தது. இந்தச் செய்தி கடலூர் வரலாற்றுக்குத் தேவைப்படும்.

சிதம்பரம் கல்வெட்டுகள்: ஆட்சியாண்டுக் கணக்கு

சோழர் காலக் கல்வெட்டுகள் பெரும்பாலும் அரசனின் ஆட்சியாண்டைக் கொண்டே காலத்தைக் குறிக்கின்றன. இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு என்று கூறி, சிலவற்றில் மாதம், திதி, கிழமை, நட்சத்திரம் ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்லும். இவற்றைப் பொது ஆண்டுக்கு மாற்ற, அரசன் ஆட்சிக்கு வந்த நாள் தெரிய வேண்டும்.

முதலாம் குலோத்துங்க சோழன் 1070ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஆட்சிக்கு வந்தான். அவனுடைய சகோதரி குந்தவை சிதம்பரம் கோயிலுக்கு அளித்த கொடைகளைக் கூறும் கல்வெட்டு, அவனது 44ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதிலுள்ள நாள் 1114 மார்ச் 13, வெள்ளிக்கிழமை எனக் கணிக்கப்பட்டுள்ளது.

1070உடன் 44ஐக் கூட்டினால் 1114 வருகிறது. எளிதாகத் தோன்றும் இந்தக் கூட்டல் உண்மையில் தற்செயலாகவே சரியாக அமைந்தது. முதல் ஆட்சியாண்டு 1070 நடுவில் தொடங்கி 1071 நடுவில் முடிகிறது. எனவே 44ஆம் ஆட்சியாண்டு 1113 நடுவில் தொடங்கி 1114 நடுவில் முடியும். அதே 44ஆம் ஆண்டில் கார்த்திகை மாதத்தில் ஒரு கல்வெட்டு வெட்டப்பட்டிருந்தால் அது 1113ஐச் சேர்ந்ததாகும். பங்குனியில் வெட்டப்பட்டிருந்தால் 1114ஐச் சேர்ந்ததாகும். ஆட்சியாண்டு எண் ஒன்றுதான். மாதத்தைப் பார்த்த பிறகே பொது ஆண்டைச் சொல்ல முடியும்.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. 1582க்கு முந்தைய நாட்களை வரலாற்றாசிரியர்கள் வழக்கமாக ஜூலியன் நாட்காட்டியில் தருகிறார்கள். போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்கள் இன்றைய கிரிகோரியன் நாட்காட்டியையே பின்னோக்கி நீட்டிக் கொள்கின்றன. 1114இல் இரண்டுக்கும் இடையே 7 நாள் வேறுபாடு இருந்தது. ஜூலியன் மார்ச் 13 என்பது கிரிகோரியன் மார்ச் 20 ஆகும். 7 நாள் என்பது சரியாக ஒரு வாரம் ஆதலால், 1114 மார்ச் 13 என்று தரவுத்தளத்தில் உள்ளிட்டுக் கிழமையைக் கேட்டால் அதுவும் வெள்ளி என்றே சொல்லும். கிழமை பொருந்திவிட்டதால் தேதியும் சரி என்று நாம் நினைத்துக்கொள்வோம். 1100 மார்ச் முதல் 1300 பிப்ரவரி வரை, அதாவது பிற்காலச் சோழர் காலத்தின் பெரும்பகுதிக்கு, கிழமையைக் கொண்டு இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க இயலாது.

கல்வெட்டுத் தேதிகளைக் கணிக்கும் பணியில் செருமானிய அறிஞர் கீல்ஹார்ன் முன்னோடியாக விளங்கினார். இராபர்ட் சிவெல், சங்கர பாலகிருஷ்ண தீட்சித் ஆகிய இருவரும் 1896இல் இந்திய நாட்காட்டி பற்றிய நூலை வெளியிட்டனர். தமிழ்நாட்டைச் சேர்ந்த எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை 1911இல் இந்தியக் காலக்கணிப்பு பற்றிய நூலையும், 1922இல் கி.பி. 700 முதல் 1799 வரையிலான நாட்களுக்குரிய பெரிய பஞ்சாங்கத் தொகுதிகளையும் வெளியிட்டார். இத்தொகுதிகளைப் பற்றிப் பின்னர் மீண்டும் காண்போம்.

அறுபதாண்டுச் சுழற்சி

தமிழ் ஆண்டு சித்திரை முதல் நாளில், ஏப்ரல் நடுவில், தொடங்குகிறது. ஆண்டுகளுக்குப் பிரபவ முதல் அட்சய வரை 60 பெயர்கள் உண்டு. அவை முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து வரும். ஆகவே பெயரை மட்டும் கொண்டு ஆண்டைச் சொல்ல முடியாது.

தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். சென்னை மாகாணத்தை உலுக்கிய அந்தப் பெரும்பஞ்சம் 1876 முதல் 1878 வரை நீடித்தது. தாது ஆண்டு 1876 ஏப்ரல் முதல் 1877 ஏப்ரல் வரை இருந்தது. அதே பெயர் 1936இலும் 1996இலும் மீண்டும் வந்தது. பழைய ஓலையிலோ பத்திரத்திலோ தாது ஆண்டு தை மாதம் என்று இருந்தால், முதலில் எந்தச் சுழற்சி என்று முடிவு செய்ய வேண்டும். 1876இல் தொடங்கிய தாது என்றால், தை மாதம் 1877இல் வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பொதுவாகத் தை, மாசி, பங்குனி மாதங்களுக்கு, அத்தமிழ் ஆண்டு தொடங்கிய ஆங்கில ஆண்டுடன் ஒன்றைக் கூட்ட வேண்டும். மார்கழியின் பிற்பகுதிக்கும் இது பொருந்தும்.

தேவனாம்பட்டினம் கோட்டை: ஒரே நாளுக்கு இரண்டு தேதிகள்

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்திலிருந்த கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை உள்ள ஊர்களும் விற்பனையில் அடங்கும் என்பது ஒப்பந்தம். அந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிடப்பட்டது. 1746 முதல் 1752 வரை சோழமண்டலக் கடற்கரையில் கம்பெனியின் தலைமையிடமாகவும் இக்கோட்டை இருந்தது.

கோட்டையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரி. பிரான்சு 1582இலேயே கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியையே பின்பற்றியது. 18ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் 11 நாள் வேறுபாடு. ஆகவே ஒரே காலைப் பொழுதில் கடலூரில் ஒரு தேதியும் புதுச்சேரியில் 11 நாள் முந்திய தேதியும் எழுதப்பட்டன.

எடுத்துக்காட்டாக, 1746இல் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனேயிடம் சரணடைந்தது. அது ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. இரண்டும் ஒரே காலாண்டில் இருப்பதால் இங்கே சிக்கல் வெளியே தெரியவில்லை. ஆனால் கடலூரில் செப்டம்பர் 25 என்று எழுதிய நாள் புதுச்சேரியில் அக்டோபர் 6 ஆகும். அங்கே காலாண்டு மாறிவிடுகிறது. கடலூரில் 1746 டிசம்பர் 21 என்று எழுதிய நாள் புதுச்சேரியில் 1747 ஜனவரி 1 ஆகும். அங்கே ஆண்டே மாறிவிடுகிறது.

இதோடு முடியவில்லை. அக்கால இங்கிலாந்தில் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25இல்தான் தொடங்கியது. எனவே ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையான நாட்களுக்கு முந்தைய ஆண்டின் எண்ணே இடப்பட்டது. இன்று நாம் 1747 பிப்ரவரி என்று சொல்லும் மாதம் ஆங்கிலேயர் ஏட்டில் 1746 பிப்ரவரி என்று இருக்கலாம். குழப்பம் தவிர்க்கச் சிலர் 1746/47 என்று இரண்டு எண்களையும் சேர்த்து எழுதினர். இதை அறியாத ஒருவர் ஏட்டிலுள்ள தேதிகளை அப்படியே கணினியில் ஏற்றி வரிசைப்படுத்தினால், பிப்ரவரியில் நடந்தவை அதற்கு முந்தைய டிசம்பர் நிகழ்ச்சிகளுக்கும் முன்னால் போய் நிற்கும். விளைவு காரணத்துக்கு முன்னே வந்துவிடும்.

புதுச்சேரியில் துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய தமிழ் நாட்குறிப்பு இவ்வகையில் மிகவும் பயனுள்ளது. அவர் தமிழ் ஆண்டின் பெயர், மாதம், நாள் ஆகியவற்றோடு ஐரோப்பியத் தேதியையும் குறித்தார். ஒரே நாளுக்கு இரண்டு கணக்குகளையும் சேர்த்து வைத்ததால், ஒன்றில் ஐயம் வந்தால் மற்றொன்றைக் கொண்டு சரிபார்க்க முடிகிறது.

இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் சட்டப்படி 1752 முதல் ஆண்டு ஜனவரி 1இல் தொடங்கியது. அவ்வாண்டு செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆயிற்று. 11 நாட்கள் நீக்கப்பட்டதால் 1752இன் மூன்றாம் காலாண்டில் 92 நாட்களுக்குப் பதில் 81 நாட்களே இருந்தன. அதன் பிறகு இரண்டு ஊர்களின் தேதிகளும் ஒன்றாயின. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இக்கோட்டையைக் கைப்பற்றியபோது இரு தரப்பும் ஜூன் 2 என்றே எழுதினர்.

பசலி ஆண்டு

1801இல் ஆர்க்காட்டு நவாபின் பகுதிகள் கம்பெனியின் நேரடி ஆட்சிக்கு வந்தன. அதன் விளைவாக அமைந்த தென்னார்க்காடு மாவட்டத்துக்குக் கடலூர் தலைமையிடமாக விளங்கியது. நிலவரிக் கணக்குகள் பசலி ஆண்டில் எழுதப்பட்டன; இன்றும் அவ்வாறே எழுதப்படுகின்றன. பசல் என்ற அரபுச் சொல் அறுவடையைக் குறிக்கும். அக்பர் காலத்தில் வரி வசூலை அறுவடையோடு இணைப்பதற்காக ஏற்பட்ட கணக்கு இது.

தமிழ்நாட்டில் பசலி ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. 1855க்கு முன்பு அது ஆடி மாதத் தொடக்கத்தை ஒட்டி, ஜூலை நடுவில் தொடங்கியது. ஜூலை முதல் டிசம்பர் வரையான நாளுக்கு ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐயும், ஜனவரி முதல் ஜூன் வரையான நாளுக்கு 591ஐயும் கழித்தால் பசலி கிடைக்கும். 2023 ஆகஸ்டும் 2024 பிப்ரவரியும் பசலி 1433ஐச் சேர்ந்தவை. வட இந்தியப் பசலியின் எண் இதனுடன் பொருந்தாது. ஆகவே வேறு மாநில அட்டவணையைப் பார்த்து இங்குள்ள பசலியை மாற்றக்கூடாது.

இந்த ஆண்டு நம் பகுதி வேளாண்மைக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதைச் சிதம்பரம் வட்டத்துச் சம்பா நெல்லைக் கொண்டு அறியலாம். வீராணம், கொள்ளிடப் பாசனத்தில் ஆகஸ்டு, செப்டம்பரில் தொடங்கும் சம்பா சாகுபடி ஜனவரி, பிப்ரவரியில் அறுவடைக்கு வருகிறது. ஆங்கில ஆண்டின்படி கணக்கிட்டால் விதைப்பு ஓர் ஆண்டிலும் விளைச்சல் அடுத்த ஆண்டிலும் விழும். பசலியில் இரண்டும் ஒரே ஆண்டுக்குள் அடங்கும். கிராமத்து அடங்கலும், ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் ஜமாபந்தியும் இந்தக் கணக்கையே பின்பற்றுவதற்கு இதுவே காரணம்.

நிதியாண்டு

இந்திய அரசின் நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. இது 1867இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் மே 1 முதல் ஏப்ரல் 30 வரை என்று இருந்தது. மாற்றம் செய்த 1866–67ஆம் கணக்காண்டு 11 மாதங்களே கொண்டிருந்தது. அவ்வாண்டு வருவாயை முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டு வருவாய் குறைந்துவிட்டது என்று முடிவு கட்டினால் அது தவறாகும்.

நிதியாண்டின் முதல் காலாண்டு ஏப்ரல்–ஜூன், இரண்டாவது ஜூலை–செப்டம்பர், மூன்றாவது அக்டோபர்–டிசம்பர், நான்காவது ஜனவரி–மார்ச். வருமானவரிப் பிடித்தம் முதல் அரசுத் திட்டச் செலவு வரை எல்லாம் இந்தக் காலாண்டுகளில்தான் கணக்கிடப்படுகின்றன.

தரவுத்தளத்தில் இதே கணக்கு

ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் 1970இல் உறவுமுறைத் தரவுத்தளக் கோட்பாட்டை வெளியிட்டார். அதன் அடிப்படையில் சேம்பர்லினும் பாய்சும் 1974இல் உருவாக்கிய வினவல் மொழியே இன்றைய எஸ்கியூஎல். தேதிக்கென்று தனித் தரவு வகையும், தேதியிலிருந்து ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைப் பிரித்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்ட் என்னும் கட்டளையும் 1992ஆம் ஆண்டுத் தர வரையறையில் இடம்பெற்றன.

காலாண்டைப் பெறும் வழி தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் வேறுபடுகிறது. மைஎஸ்கியூஎல்லில் குவார்ட்டர் என்ற செயற்கூறு உண்டு. போஸ்ட்கிரெஸில் எக்ஸ்ட்ராக்ட் கட்டளையே காலாண்டையும் தரும். மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரில் டேட்பார்ட் பயன்படுகிறது. கைபேசிகளில் பரவலாக உள்ள எஸ்கியூலைட்டில் இதற்கெனச் செயற்கூறு இல்லை. மாத எண்ணைக் கொண்டு நாமே கணக்கிட வேண்டும். மாத எண்ணுடன் 2 கூட்டி 3ஆல் வகுத்து, ஈவின் முழு எண்ணை எடுத்தால் அதுவே நாட்காட்டிக் காலாண்டு.

இவை அனைத்தும் ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது என்றே கொள்கின்றன. நிதியாண்டுக்கு வேறு கணக்குத் தேவை. தேதியிலிருந்து 3 மாதம் கழித்துவிட்டுப் பிறகு ஆண்டையும் காலாண்டையும் எடுப்பது பலரும் பின்பற்றும் குறுக்குவழி. 2024 பிப்ரவரி 15 என்பது 2023 நவம்பர் 15 ஆகி, 2023–24 நிதியாண்டின் நான்காம் காலாண்டு என்று சரியாக வரும்.

ஆனால் இக்குறுக்குவழி எல்லா இடத்திலும் பாதுகாப்பானதல்ல. டிசம்பர் 31இலிருந்து 3 மாதம் கழித்தால் செப்டம்பர் 31 வருகிறது. அப்படி ஒரு நாள் இல்லை. மைஎஸ்கியூஎல்லும் போஸ்ட்கிரெஸும் அதைச் செப்டம்பர் 30 ஆக்கிக்கொள்ளும். எஸ்கியூலைட் வழக்கமான அமைப்பில் அதை அக்டோபர் 1 ஆக்கிவிடும். அதனால் டிசம்பர் 31இன் பதிவுகள் மட்டும் மூன்றாம் காலாண்டிலிருந்து நான்காம் காலாண்டுக்குத் தாவிவிடும். ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் நேரும் பிழை என்பதால் எளிதில் கண்ணில் படாது.

மாத எண்ணைக் கொண்டே கணக்கிடுவது பாதுகாப்பான வழி. மாத எண்ணுடன் 8 கூட்டி 12ஆல் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். அந்த மீதியை 3ஆல் வகுத்து, ஈவின் முழு எண்ணுடன் 1 கூட்டினால் நிதியாண்டின் காலாண்டு கிடைக்கும். மாத எண் 4க்குக் குறைவானால் ஆண்டிலிருந்து 1 கழித்தால் நிதியாண்டின் தொடக்க ஆண்டு கிடைக்கும். குலோத்துங்கனின் 44ஆம் ஆண்டில் கார்த்திகையா பங்குனியா என்று பார்த்தோமே, அதே சோதனைதான் இதுவும்.

பழைய ஆவணங்களை ஏற்றுவோருக்கு ஒரு செய்தி. எஸ்கியூஎல் சர்வரின் பழைய டேட்டைம் தரவு வகை 1753 ஜனவரி 1க்கு முந்தைய தேதியை ஏற்காது. 1752இல் இங்கிலாந்தில் நாட்காட்டி மாறியதால், அந்தக் குழப்பத்துக்குள் போகாமல் அடுத்த ஆண்டிலிருந்து தொடங்கிவிட்டார்கள். பின்னர் வந்த டேட்டைம்2 வகைக்கு இந்த வரம்பு இல்லை. ஆனால் தேதியை ஏற்பது வேறு, புரிந்துகொள்வது வேறு. 1746 செப்டம்பர் 10 என்று உள்ளிட்டால் அதைக் கிரிகோரியன் தேதியாகவே தரவுத்தளம் கொள்ளும். ஆங்கிலேயர் ஏட்டுத் தேதியை நாமே மாற்றித்தான் உள்ளிட வேண்டும்.

எடுத்துக்காட்டு: தானே புயல்

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பகுதியில் தலைமுறையாக வளர்த்த முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ஆண்டு முடிய இரண்டு நாட்களே இருந்தன. இழப்பு நேர்ந்தது 2011இல். கணக்கெடுப்பும் நிவாரணமும் சீரமைப்பும் 2012இல் தொடர்ந்தன.

புயல் நாளையும், சீரமைப்புக் காலத்தில் ஒரு நாளாக 2012 பிப்ரவரி 20ஐயும் நான்கு கணக்குகளில் பார்ப்போம்.

நாட்காட்டி ஆண்டு: முதலாவது 2011 நான்காம் காலாண்டு, இரண்டாவது 2012 முதல் காலாண்டு.

நிதியாண்டு: முதலாவது 2011–12 மூன்றாம் காலாண்டு, இரண்டாவது 2011–12 நான்காம் காலாண்டு.

பசலி: இரண்டும் 1421.

தமிழ் ஆண்டு: இரண்டும் கர ஆண்டு, முதலாவது மார்கழி, இரண்டாவது மாசி.

ஒரு மாணவர் ஆண்டு வாரியாகக் குழுவாக்கும் வினவலை எழுதி, 2011இல் இழப்பும் அதற்கான உதவியும் எவ்வளவு என்று பார்த்தால், இழப்பு முழுவதும் தெரியும். உதவி பெரும்பாலும் அடுத்த ஆண்டில் நிற்கும். அதைக் கொண்டு உதவி வரவில்லை என்று எழுதினால் அது நியாயமாகாது. 2012ஐ மட்டும் பார்த்து, காரணமின்றி இவ்வளவு பணம் செலவாயிற்று என்று எழுதினால் அதுவும் நியாயமாகாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்கும் இதே நிலை. கடலூர்க் கடற்கரைக்கு வந்த இரண்டு பெரிய பேரிடர்களும் ஆண்டின் கடைசி வாரத்திலேயே வந்தன. நிதியாண்டையோ பசலியையோ கொண்டு குழுவாக்கினால் நிகழ்ச்சியும் அதன் உடனடி விளைவும் ஒன்றாக நிற்கும்.

எதிர்மாறான நிலையும் உண்டு. வடகிழக்குப் பருவமழையை ஆராய்பவருக்கு நாட்காட்டிக் காலாண்டே வசதியானது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையான அப்பருவம் நான்காம் காலாண்டோடு சரியாகப் பொருந்துகிறது. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை நீளும் தென்மேற்குப் பருவம் நான்கு மாதங்கள் கொண்டது. எந்தக் காலாண்டிலும் அடங்காது. கேள்வி எதுவோ அதற்கேற்ற ஆண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மாவட்ட எல்லையையும் மறக்கக்கூடாது. 1993 செப்டம்பர் 30இல் பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது. அது நிதியாண்டின் இரண்டாம் காலாண்டினுடைய கடைசி நாள். அடுத்த காலாண்டு முதல் கடலூர் மாவட்டப் புள்ளிவிவரங்கள் குறைவாகத் தெரிந்தால், குறைந்தது பரப்பே அன்றி விளைச்சல் அல்ல.

நாட்காட்டி அட்டவணை

பெரிய தரவுத்தளங்களில் ஒவ்வொரு முறையும் காலாண்டைக் கணக்கிடுவதற்குப் பதிலாக ஒரு நாட்காட்டி அட்டவணையை முன்கூட்டியே அமைத்துவிடுகிறார்கள். ஒரு நாளுக்கு ஒரு நிரை. அந்த நிரையில் ஆங்கில ஆண்டு, காலாண்டு, நிதியாண்டு, நிதிக் காலாண்டு, பசலி, தமிழ் ஆண்டு எல்லாம் தனித்தனி நிரல்களில் இருக்கும். வினவலில் தேதியை அந்த அட்டவணையோடு இணைத்தால் போதும். கணக்கை ஒருமுறை கவனமாகச் செய்து சரிபார்த்துவிட்டால், பிறகு யார் கேட்டாலும் ஒரே விடை வரும்.

சாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் செய்ததும் இதையே. 1100 ஆண்டுகள் என்றால் ஏறத்தாழ 4 இலட்சம் நாட்கள். ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஒவ்வோர் அறிஞரும் திதியையும் நட்சத்திரத்தையும் புதிதாகக் கணிக்க வேண்டியிருந்த நிலையை மாற்றி, புத்தகத்தைத் திறந்து பார்க்கும் நிலையை அவர் உண்டாக்கினார்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. வினவல் எழுதும் முன், ஆண்டு எந்த நாளில் தொடங்குகிறது என்பதை ஒரு வாக்கியமாக எழுதிக்கொள்ள வேண்டும். அட்டவணையின் தலைப்பிலும் நிதியாண்டு, பசலி, நாட்காட்டி ஆண்டு என வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும்.

2. மூல ஆவணத்தில் உள்ள தேதியை அப்படியே ஒரு நிரலில் எழுத்தாக வைத்துக்கொண்டு, மாற்றிய தேதியை வேறு நிரலில் இட வேண்டும். மாற்றத்தில் பிழை இருந்தால் திருத்துவதற்கு மூலம் வேண்டும்.

3. ஒரு காலாண்டின் பதிவுகளைத் தேடும்போது, அக்டோபர் 1 அல்லது அதற்குப் பின், ஆனால் ஜனவரி 1க்கு முன் என்று எழுதுவது நல்லது. டிசம்பர் 31 வரை என்று எழுதினால், நேரமும் சேர்ந்த பதிவுகளில் அன்றைய நள்ளிரவுக்குப் பிந்தையவை விடுபடக்கூடும்.

4. பல கணினிகள் நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமிக்கின்றன. இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. இங்கே ஏப்ரல் 1 அதிகாலை 3 மணிக்குப் பதிவானது அங்கே மார்ச் 31 இரவு 9.30 ஆகும். முதலில் இந்திய நேரத்துக்கு மாற்றிய பிறகே நிதியாண்டைக் கணக்கிட வேண்டும்.

5. காலாண்டு எண்ணைத் தனியாக எழுதாமல் ஆண்டோடு சேர்த்தே எழுத வேண்டும். மூன்றாம் காலாண்டு என்று மட்டும் குழுவாக்கினால் எல்லா ஆண்டுகளின் மூன்றாம் காலாண்டுகளும் ஒன்றாகக் கலந்துவிடும்.

6. வினவலை மார்ச் 31, ஏப்ரல் 1, ஜூன் 30, ஜூலை 1, டிசம்பர் 31, ஜனவரி 1 ஆகிய எல்லை நாட்களைக் கொண்டு சோதித்துப் பார்க்க வேண்டும். பிழை இருந்தால் பெரும்பாலும் இந்நாட்களில் தெரிந்துவிடும்.

முடிவுரை

கல்வெட்டில் அரசனின் பெயரோடு ஆட்சியாண்டு எண்ணும் இருப்பதால்தான் இன்று நம்மால் அதைப் பொது ஆண்டுக்கு மாற்ற முடிகிறது. ஆனந்தரங்கப் பிள்ளை இரண்டு தேதிகளையும் குறித்ததால்தான் அவருடைய நாட்குறிப்பைப் பிற ஆவணங்களோடு ஒப்பிட முடிகிறது. கர்ணம் பசலி என்று எழுதியதால்தான் அந்த எண்ணை நாம் ஆங்கில ஆண்டு என்று மயங்குவதில்லை. எந்தக் கணக்கில் எழுதுகிறோம் என்பதை அவர்கள் எழுத்திலேயே விட்டுச் சென்றார்கள். இன்று வினவல் எழுதும் மாணவரும் அந்த ஒரு சொல்லை அட்டவணையின் தலைப்பில் சேர்த்துவிட்டால், பின்னால் வருபவர் அதைத் தவறாகப் படிக்க நேராது.